மலை வீட்டில் ஓதமும் குளிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், வால்பாறை பக்கம் ஐம்பது, நூறு வருடமான வீடுகளை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலும் கருங்கல் அல்லது செங்கல் சுவர், மண் சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்து, தகரம் அல்லது மங்களூர் ஓடு, சில வீடுகளில் மரத் தரை. சமவெளியில் கட்டிய கான்கிரீட் வீட்டுக்குச் சொல்லும் வைத்தியம் இவற்றுக்குப் பொருந்தாது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன.

சுவர் ஈரமா இருக்கு. மழைத் தண்ணிதானே உள்ளே வருது?

அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மலை வீட்டுக்கு ஈரம் நான்கு வழியில் வருகிறது. கூரையும் சுவரும் உள்ளே விட்ட மழை. தரையிலிருந்து சுவர் உறிஞ்சி மேலேற்றும் ஓதம். பின்பக்க மண்மேடு சுவரோடு ஒட்டியிருந்தால் பக்கவாட்டில் கசியும் நீர். நான்காவது, வீட்டுக்குள்ளேயே நாம் உண்டாக்கும் நீராவி.

கடைசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும். இது அடுப்புச் சுடரிலிருந்து வருவது மட்டும்; குழம்பு கொதித்தது, வெந்நீர்க் குளியல், அறைக்குள் காயப்போட்ட துணி, ராத்திரி விடும் மூச்சு எல்லாம் தனி.

எந்த ஈரம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கறை இருக்கும் இடத்தைப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை ஏறி, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, பட்டையாக நின்றால் தரை ஓதம். சன்னல் மேல், கூடுவாய் மூலைக்குக் கீழ், புகைபோக்கி ஓரம் என்று திட்டுத் திட்டாக வந்து, மழை விட்ட இரண்டு மூன்று நாளில் வெளுத்தால் மழைநீர். பீரோவுக்குப் பின்னால், அறையின் மேல் மூலையில், வடக்குச் சுவரில் கறுப்புப் புள்ளியாகப் பூசணம் வந்தால் அது நம் நீராவி குளிர்ந்த சுவரில் படிவது.

சந்தேகம் தீராவிட்டால் இரண்டடிக்கு இரண்டடி கெட்டிப் பாலிதீன் தாளைத் தரையிலோ சுவரிலோ வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர் முத்துப் பிடித்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் மேல் பிடித்தால் அறைக் காற்றிலிருந்து. இரண்டு பக்கமும் பிடிக்கும் வீடுகளும் உண்டு. அங்கே இரண்டு வேலையும் செய்ய வேண்டும். கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

சுவரைத் தொட்டா காய்ஞ்சுதான் இருக்கு. ஆனாலும் பூசணம் பிடிக்குதே?

பூசணத்துக்குச் சொட்டச் சொட்ட ஈரம் தேவையில்லை. சுவர்ப் பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் போதும். அறை 18 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுவர் 13.5 டிகிரிக்குக் கீழே போனால்தான் கண்ணுக்குத் தெரிய நீர் படியும். ஆனால் 17 டிகிரிக்குக் கீழே போனாலே பூசணத்துக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. ஒரு டிகிரி வித்தியாசம்தான். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அறைச் சூடு அதன் பின்னால் எட்டாது. அந்த ஒரு டிகிரி அங்கேதான் போகிறது. வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளி வையுங்கள்.

துடைக்கும்போது முகமூடி போட்டு, சோப்பு நீரும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த பூசணத்தைச் சுரண்டினால் வித்து அறை முழுக்கப் பறக்கும். பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசல் பூசலாம். அதோடு கழிவறை ஆசிடைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். வினிகர் நல்லது என்று சொல்வார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் அது சுண்ணாம்பையே அரிக்கும். பூசணத்தின் மேலேயே பெயின்ட் அடிப்பவர்கள் அடுத்த மழைக்கு இன்னொரு டப்பா வாங்கத் தயாராக இருக்கட்டும்.

மழையே இல்லை, காலையில தகரத்திலிருந்து சொட்டுது. ஓட்டை எங்கேன்னு தெரியல.

ஓட்டை இல்லை. தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டு, வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உறைபனி மாதங்களில் புல்லில் பனி பிடிக்கும் முன்பே தகரத்தில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே அறையிலிருந்து ஏறும் நீராவி அந்தத் தகரத்தின் அடியில் படிந்து, சில நாள் உறைந்தும் நிற்கும். வெயில் பட்டதும் ஒரே நேரத்தில் உருகிச் சொட்டும். அதனால்தான் காலை எட்டு ஒன்பது மணிக்கு 'மழை' பெய்கிறது.

ஆணித் துளைகளுக்குத் தார் பூசிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் நேரத்தைக் குறித்துவையுங்கள். மழையின்போது சொட்டினால் ஓட்டை. தெளிந்த இரவுக்கு மறுநாள் காலை சொட்டினால் வேர்வை.

சரி, தகரத்துக்கு அடியில என்ன போடணும்? பப்பிள் ஷீட் போட்டா போதும்னு கடையில சொல்றாங்க.

மலை வீட்டில் சூடு அதிகம் தப்பிப்பது கூரை வழியாகத்தான். காசு குறைவாக இருந்தால் முதலில் இங்கே செலவழியுங்கள். பப்பிள் ஷீட்டின் பலன் அதன் பளபளப்புப் பரப்பில் இருக்கிறது. அந்தப் பரப்புக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். தகரத்தோடு ஒட்டி அடித்தால் வெறும் பிளாஸ்டிக் தாள்தான்.

சரியான அடுக்கு, கீழிருந்து மேலாக: சீலிங் பலகை; அதன் மேல் 200 மைக்ரான் பாலிதீன் அல்லது அலுமினியத் தாள்; அதன் மேல் 50 முதல் 75 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி நூற்ற பஞ்சு), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. அதற்கும் தகரத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு அங்குலம் திறந்த இடைவெளி. இறவாணத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி வேண்டும், இரண்டிலும் எலி புகாத கம்பி வலை அடித்து. பாலிதீன் எப்போதும் சூடான பக்கம், அதாவது அறைப் பக்கம். மாற்றி மேலே போட்டால் நீராவி ராக்வூலுக்குள் போய்ச் சிக்கி, பஞ்சு நனைந்து தொங்கும். 10க்கு 12 அடி அறைக்கு ராக்வூல் 11 சதுர மீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். வெட்டுச் சேதம் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கெடுவது பெரும்பாலும் ஓரங்களில். தாள் ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் ஏறி டேப் ஒட்டியிருக்க வேண்டும். சுவரோடு சேரும் இடத்திலும் அப்படியே. சீலிங்கில் துளைபோட்டுப் புதைவிளக்கு வைத்தால் ஒவ்வொரு துளையும் நீராவிக்குப் புகைபோக்கி. தகரத்தின் அடியில் நேரடியாகப் பீய்ச்சும் பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) வேர்வையை நிறுத்தும், உண்மை. ஆனால் பழைய மரச்சட்டத்தில் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். பிறகு தகரம் ஒழுகினாலும் கைமரம் உளுத்தாலும் வெளியே தெரியாது, தகரத்தைத் தனியாகக் கழற்றவும் முடியாது.

எங்க வீடு ஓட்டு வீடு. தகரத்துக்குச் சொன்னதே போதுமா?

அடுக்கு அதேதான். ஓடு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி விடுவதால் தகரம்போல் சொட்டாது. ஆனால் சாரல் காற்றில் ஓடுகளின் இடுக்கு வழியே மழைத்தூள் புகும். ஓட்டைப் பிரித்து மேயும்போதே ரீப்பருக்கு (ஓடு உட்காரும் மரப்பட்டைக்கு) கீழே, நீராவியை விடும் ஆனால் நீரை விடாத கூரைத் துணியைக் கைமரத்தின் மேல் சற்றுத் தொய்வாக விரித்து, கடைசி நுனியைக் கூரைத் தூம்புக்குள் விடுங்கள். வெறும் தார்ப்பாய் விரித்தால் கைமரம் மூச்சு முட்டி உளுக்கும். பழைய மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு உடைசல் சேர்த்து ஏறக்குறைய 150 வைத்துக்கொள்ளுங்கள். புது ஓட்டையும் பழையதையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள், பள்ளம் பொருந்தாது. நல்ல பழைய ஓடுகளை ஒரு பக்கச் சரிவுக்கு ஒதுக்கி, மறுபக்கம் முழுதும் புதிது போடுவது வசதி.

கூரைத் தூம்பை மறந்துவிட வேண்டாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை விழுந்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். சில்வர் ஓக் இலை அடைத்த தூம்பு அதைச் சுவர் மேலேயே கொட்டும். பருவமழைக்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை வாரிவிடுங்கள்.

கொத்தனார் பழைய காரையை உதிர்த்துட்டு சிமென்ட் பூசி, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா சரியாயிடும்ங்கிறார். அடிக்கலாமா?

மலையில் பழைய வீடுகள் கெடுவதற்கு மழையைவிடப் பெரிய காரணம் இதுதான். கருங்கல்லும் மண் சாந்தும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர், மழைக்காலத்தில் கொஞ்சம் நீரை எடுத்து வெயில் காலத்தில் விட்டுவிடும்படி கட்டப்பட்டது. மேலே சிமென்ட் பூசினால் விடும் வழி அடைபடுகிறது, எடுக்கும் வழி அடைபடுவதில்லை. ஏனென்றால் சிமென்ட் பூச்சில் மயிரிழை வெடிப்பு வரும். அதன் வழியே மழை போகும், ஆவி திரும்பி வராது. தரை ஓதமும் இரண்டடியோடு நிற்காமல் ஐந்தடி ஏறும். உள்ளே மண் சாந்து களியாகும். தட்டிப் பார்த்தால் 'டொம் டொம்' என்று வெற்றொலி கேட்கும் இடமெல்லாம் பூச்சு சுவரைவிட்டுக் கழன்று நிற்கிறது.

வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் உள்பக்கம் அடித்தால் ஒரு மழைக்காலத்தில் கொப்புளிக்கும். கொப்புளத்தைக் குத்தினால் தண்ணீரும் உப்பு மாவும் வரும். அடித்தே ஆகவேண்டும் என்றால் சுண்ணாம்பு வெள்ளை மூன்று நான்கு மெல்லிய கோட், அல்லது சிலிகேட் பெயின்ட். வெள்ளை உதிரக் கூடாதென்று அதில் ஃபெவிகால் நிறையக் கலக்கும் வழக்கம் உண்டு. அளவு கூடினால் அதுவும் பிளாஸ்டிக் பெயின்டாகிவிடும்.

அப்போ சுண்ணாம்புக் காரை எப்படிப் பூசறது? இப்போ யாருக்குத் தெரியும்?

தெரிந்த கொத்தனார்கள் குறைவு. ஆனால் வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் பழைய சிமென்டை ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை உதிர்த்துவிடுங்கள். மின்சுத்தியல் வேண்டாம், கல் அசையும். உளியும் கைச்சுத்தியலும் போதும். இடுக்குகளை முக்கால் அங்குல ஆழம் கிண்டி, உலர்ந்த பிரஷால் உப்பைத் துடைத்து, வீட்டுக்கு வெளியே அள்ளிப் போடுங்கள்.

சுட்ட சுண்ணாம்புக்கல்லை நீற்றும்போது தொட்டியில் தண்ணீரை முதலில் ஊற்றி, கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சல்லடையில் வடித்து, தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது இரண்டு வாரம் ஊறட்டும். வெண்ணெய்போல் வந்ததும் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூரான சுத்த மணல். ஓதம் அதிகமான கீழ்ப்பகுதிக்கும் எப்போதும் சாரல் படும் சுவருக்கும் ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி (செங்கல்தூள்), இரண்டு பங்கு மணல். செங்கல்தூள் சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். நூறு சதுர அடிக்கு 20 மி.மீ. கனத்தில் முதல் கலவையென்றால் மணல் 7 கன அடி, சுண்ணாம்பு இரண்டேகால் கன அடி. கரடுமுரடான கல்சுவரானால் கால் பங்கு கூடும்.

ஒரே பூச்சில் 20 மி.மீ. பூசினால் வெடிக்கும். 10 முதல் 12 மி.மீ. பூசி, கட்டை விரலால் அழுத்தினால் பதியாமல் நகத்தால் கீறினால் கீறல் விழும் நிலை வரும்வரை விட்டு, குறைந்தது ஒரு வாரம் கழித்து அடுத்தது. அந்த நாட்களில் வெயில் நேராகப் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். உறைபனி விழும் மாதத்தில் தொடவே வேண்டாம். பூச்சிலுள்ள நீர் உறைந்து பொருக்காக உதிரும்.

பின்சுவர் மண்மேட்டோட ஒட்டியிருக்கு. உள்ளே என்ன பூசினாலும் நிக்கல.

நிற்காது. சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் மேட்டுநீர் முழுவதும் அந்தச் சுவரில்தான் முட்டுகிறது. தீர்வு வெளியே. சுவரோரம் ஒன்றரை அடி அகலத்தில், உள்தரையைவிட அரையடி ஆழமாக ஓடை தோண்டி, நூறு அடிக்கு ஓரடி சரிவு கொடுத்து, வடிகட்டித் துணி விரித்து, நான்கு அங்குலத் துளைக்குழாயைத் துளை கீழ்நோக்க வைத்து, 20 முதல் 40 மி.மீ. ஜல்லி நிரப்பித் துணியை மேலே மடித்து மூடுங்கள். குழாய் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் திறந்த வெளியில் முடிய வேண்டும். பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவருக்கு மேல் அல்ல.

இரண்டு எச்சரிக்கை. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாதீர்கள். பழைய வீட்டுக்கு அஸ்திவாரம் சில இடங்களில் ஒன்றரை அடிதான் இருக்கும். முதலில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். இரண்டாவது, முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல் நான்கைந்து அடியாகத் தோண்டி நிரப்பிக்கொண்டே போங்கள். மேடு ஆறடிக்கு மேல் நின்றால் பொறியாளர் பார்க்காமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். நீலகிரியில் மண்வாரி இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இந்த அளவு வேலைக்குக் கையாட்களே நல்லது.

சுவர்ல துளை போட்டு ஊசி ஏத்தினா தரை ஓதம் நின்னுடுமாமே?

செங்கல் சுவரில் நிற்கலாம். தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒரே சாந்து வரிசையில் 12 மி.மீ. துளைகள், 12 செ.மீ.க்கு ஒன்று, சுவர்க் கனத்தில் 4 செ.மீ. மீதம் விட்டுத் துளைத்து, நீரை ஒட்டவிடாத சைலேன் கிரீமை நிரப்புவார்கள். தொடர்ச்சியான சாந்து வரிசை இருந்தால்தான் அது தடுப்பாகும். ஒழுங்கற்ற கருங்கல் சுவரில் அப்படி வரிசையே இல்லை. மருந்து இடுக்கில் ஓடி மறையும். அங்கே பணத்தை ஓடைக்கும் சுண்ணாம்புக்கும் போடுங்கள். வெளிமண் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் அதை அரையடி தாழ்த்துவது எந்த ஊசியையும்விட அதிகம் செய்யும்.

மரத் தரைக்கு அடியிலிருந்து குளிர்காத்து வருது. காத்துத் துவாரத்தை அடைச்சுட்டோம். சரிதானே?

உடனே திறந்துவிடுங்கள். பீடத்தில் இருக்கும் அந்தத் துவாரங்கள்தான் அடிச்சட்டத்தைக் காய வைக்கின்றன. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் காளான் தின்னத் தொடங்கும். பலகை மேலே நன்றாக இருக்க, சுவருக்குள் செருகிய சட்டமுனை மாவாகியிருக்கும். நடக்கும்போது சுவரோரம் தரை அமுங்கினால் அதுதான். எலிக்குப் பயந்தால் 6 மி.மீ. வலை அடியுங்கள். குளிருக்கு, பலகையைக் கழற்றிச் சட்டங்களுக்கு நடுவே வலை கட்டி அதன் மேல் ராக்வூல் வைத்து மூடலாம். கீழே காற்று ஓடட்டும். இதே காரணத்தால் பயன்படுத்தாத புகைபோக்கியையும் முழுக்க அடைக்காமல், மேலே மழைத்தொப்பி போட்டு, கீழே ஒரு செங்கல் அளவு துவாரம் விடுங்கள்.

ஒரு பக்கம் இடுக்கை அடைங்கறீங்க, இன்னொரு பக்கம் காத்து விடுங்கறீங்க. மூடுபனி நேரத்துல சன்னலைத் திறந்தா ஈரம் உள்ளே வராதா?

நியாயமான கேள்வி. ஐந்து மீட்டர் சுற்றளவுள்ள சன்னலில் 3 மி.மீ. இடுக்கு இருந்தால் மொத்தம் 150 சதுர செ.மீ., அதாவது உள்ளங்கை அளவு ஓட்டை ராத்திரி பகலாகத் திறந்திருக்கிறது. அதை பிரஷ் பட்டையாலும் புட்டிப் பசையாலும் அடைத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் திறப்பதுதான் வித்தியாசம். சமைக்கும்போதும் குளித்த பின் இருபது நிமிடமும் எக்ஸாஸ்ட் ஓடட்டும்.

மூடுபனிக் காற்று 10 டிகிரியில் கன மீட்டருக்கு 9.4 கிராம் நீராவிதான் பிடிக்கும். அது உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடேறினால் ஈரப்பதம் 61 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே சூடேற்றிய அறையில் மூடுபனிக் காற்றும் உலர்த்தும். சூடே இல்லாத, 13 டிகிரி அறையில் அதே காற்று 83 சதவீதம், பலனில்லை. ஏப்ரல் கோடைமழைக்குப் பின் வரும் வெதுவெதுப்பான காற்று இன்னும் மோசம்: குளிர்ந்த கல்தரையில் பட்டு வேர்க்கும். அன்றைக்கு மூடி வையுங்கள்.

ஹீட்டரா, டீஹ்யூமிடிஃபையரா? பழைய கரி அடுப்பு போதாதா?

கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூங்குபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். இடுக்குகளை அடைத்த பிறகு அபாயம் கூடும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் அறைக்கு ஆகாது. முதல் கேள்வியில் சொன்ன நீராவிக் கணக்கும் அதற்குப் பொருந்தும்.

2,000 வாட் ஹீட்டர் ஆறு மணி நேரத்துக்கு 12 யூனிட். கூரைக்குப் பஞ்சு போடாமல் அதை ஓட்டுவது, ஓட்டைக் குடத்தில் மழை பிடிப்பது போல. டீஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி) வாங்கினால் கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்குக் கீழே சோர்ந்துவிடும், சுருளில் பனி பிடிக்கும்; ஊட்டி, கொடைக்கானல் குளிர்காலத்துக்கு, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகையே சரி. ஈரச்சுவரில் மின்பெட்டி இருந்தால் மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஹீட்டர் எதையும் செருக வேண்டாம்.

சுவருக்கு உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டி மூடிட்டா குளிர் நிக்குமே?

அறை சற்றுச் சூடாகும், சுவர் இன்னும் குளிரும். அறை நீராவி தெர்மோகோல் இணைப்புகள் வழியே போய், முன்னைவிடக் குளிர்ந்த கல்லில் படியும். பின்னால் நடப்பது இரண்டு வருடம் கண்ணுக்குத் தெரியாது; பிறகு வாசனையில் தெரியும். ஓதமுள்ள சுவரில் இது கூடவே கூடாது. கூரை, சன்னல், தரை மூன்றையும் முடித்து, சுவர் ஒரு முழு மழைக்காலம் காய்ந்து நின்ற பிறகு யோசிக்கலாம். அப்போதும் ஆவி விடும் பொருளும் சுண்ணாம்புப் பூச்சும்தான்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ். அதுல துளை போட்டு சீலிங் கட்டலாமா?

ஷீட்டைத் தொடாமல் சுவரிலிருந்து தனிச்சட்டம் கட்டி, தகரத்துக்குச் சொன்ன அடுக்கைப் போடுங்கள். துளைப்பது, அறுப்பது, பாசியைக் கம்பி பிரஷால் தேய்ப்பது மூன்றும் நாரைக் காற்றில் கிளப்பும். நுரையீரலுக்கு அது தீராத கேடு. மாற்ற வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள்.

நாங்க வாடகைக்கு இருக்கோம். இதெல்லாம் எப்படிச் செய்யறது?

சுவரைத் தொடாமலும் சில வேலை உண்டு: தூம்பு வாருவது, பீரோவைத் தள்ளி வைப்பது, சன்னலுக்கு பிரஷ் பட்டை, அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட், துணியைத் தாழ்வாரத்தில் காயப்போடுவது. ஈரப்பத மீட்டரின் எண்ணைத் தினம் இருவேளை ஒரு மாதம் குறித்து, மழை பெய்த நாட்களையும் எழுதி வையுங்கள். வீட்டுக்காரர் 'நீங்க சன்னலைத் திறக்கறதில்லை' என்று சொல்லும்போது பேச ஆதாரம் அதுதான்.

எல்லாம் செஞ்சு மூணு மாசம் ஆச்சு. இன்னும் சுவர்ல வெள்ளையா உப்பு வருது. வேலை வீணா?

வீணில்லை, சுவர் காய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். உள்ளிருக்கும் நீர் வெளியே வரும்போது உப்பைக் கொண்டுவந்து விட்டுப் போகிறது. கனத்த சுவர் மாதம் ஓர் அங்குலம் காயும் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒன்பது மாதம் ஆகும். நடுவே ஒரு பருவமழை வந்தால் கணக்கு இன்னும் தள்ளும். அதனால்தான் வேலையை உறைபனி அடங்கிய பின், ஏப்ரலுக்குள் தொடங்குவது நல்லது. தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் கூடலூர், வால்பாறை பக்கம் மே மாதத்துக்குள் வெளிவேலை முடிந்திருக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான் என்பதால் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும்.

உப்பை உலர்ந்த பிரஷால் வாரம் ஒருமுறை கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஒவ்வொரு முறையும் விழும் அளவு குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் ஒரே இடத்தில் மட்டும் வந்துகொண்டிருந்தால் அந்த இடத்துக்கு நேர் வெளியே போய்ப் பாருங்கள்: உடைந்த தண்ணீர்க் குழாய், அல்லது சுவரோடு சாய்த்து வைத்த பூந்தொட்டி வரிசை.